கை விசைப்பலகையில், கண் கணக்கில்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில் வளர்ச்சி, வெளிநாட்டு வேலைவாய்ப்பு என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். எனக்குக் கொடுத்திருப்பது சின்ன விஷயம். எக்ஸெலில் மவுஸை அதிகம் தொடாமல் வேலை செய்வது எப்படி என்பதுதான் தலைப்பு. செயலாளர் போனில் கேட்டபோது, "இதெல்லாம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லித்தர வேண்டியதாச்சுங்களே?" என்றேன். "அங்கேயும் சொல்லித் தரலை, இங்கேயும் சொல்லித் தரலை. அதனாலதான் உன்னைக் கூப்பிடறோம்" என்றார். மறுத்துப் பேச முடியவில்லை.

நம்ம ஊர்ப் பக்கம் எந்தத் தொழிலை எடுத்தாலும் அது சாயங்காலம் ஒரு எக்ஸெல் ஷீட்டில்தான் போய் முடிகிறது. நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டைக் கணக்கு. சங்ககிரி லாரி ஆபீசில் டிரிப் ஷீட். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி எத்தனை அடி போர் போட்டது, அடிக்கு எவ்வளவு டீசல் குடித்தது என்ற கணக்கு. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைக் கணக்கு. மெக்கானிக்கல் படித்தவனாகட்டும், சிவில் படித்தவனாகட்டும், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவன் கையில் கொடுப்பது ஸ்பேனரும் அல்ல, டேப்பும் அல்ல; ஒரு லேப்டாப்பும், முந்தைய ஆள் விட்டுப்போன ஒரு ஷீட்டும்தான்.

அந்த ஷீட்டை நம் பிள்ளைகள் எப்படித் திறக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். வலது கை மவுஸில், இடது கை மேசையில். ஆயிரம் வரி கீழே போக வேண்டும் என்றால் சக்கரத்தை உருட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்து மேசையில் பி.காம். முடித்த ஒரு தங்கை, டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணினவர், டேலியில் எஃப்5 தட்டி பேமென்ட், எஃப்8 தட்டி சேல்ஸ், எஃப்9 தட்டி பர்ச்சேஸ் என்று திரையைப் பார்த்தபடியே பதிந்துகொண்டு போவார். அவர் மவுஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஃபைலுக்கு அடியில் தேட வேண்டும்.

டேலி நம் நாட்டுச் சரக்கு. 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பாரத் கோயங்காவும் ஆரம்பித்தது. எல்லாமே விசையில் நடக்கும்படி கட்டினார்கள். அதைப் பழகியவர்களுக்கு வேறு வழி தெரியாது. அது அவர்களுக்கு நல்லதாகவே போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே தங்கை டேலியை மூடிவிட்டு எக்ஸெலைத் திறந்ததும் கை தானாக மவுஸுக்குப் போய்விடும். ஏன்? கம்ப்யூட்டர் சென்டரில் எக்ஸெல் சொல்லிக் கொடுத்தவர் மெனுவைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார். கற்ற வழி அப்படியே நின்றுவிட்டது.

உண்மையில் இந்த அட்டவணை மென்பொருள் பிறந்ததே மவுஸ் இல்லாத வீட்டில்தான். 1979-ல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் எழுதினார்கள். அதில் மவுஸ் கிடையாது. சாய்கோட்டு விசையைத் தட்டினால் கட்டளை வரிசை வரும். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 அதே பழக்கத்தைத் தொடர்ந்தது. எக்ஸெல் 1985-ல் மெக்கின்டாஷுக்கும் 1987-ல் விண்டோஸுக்கும் வந்தது. லோட்டஸ் ஆட்களை இழுக்க வேண்டுமே என்று அந்தச் சாய்கோட்டை விட்டுவைத்தார்கள். இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸெலில் ஒரு கட்டத்தில் நின்று சாய்கோட்டைத் தட்டிப் பாருங்கள், மேலே மெனுவில் எழுத்துகள் முளைக்கும். முன்வரிசையில் லோட்டஸ் காலத்து அண்ணன்கள் சிலர் தலையாட்டுகிறார்கள். உங்கள் கைக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கும்.

சரி, இதனால் எவ்வளவு நேரம் மிச்சம்? இன்ஜினியர் கூட்டம், எண் கேட்பீர்கள். 1980-ல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்கு மாற 0.4 வினாடி. அம்பைக் குறியில் கொண்டுபோய் வைக்க 1.1 வினாடி. திரும்பி வர இன்னொரு 0.4. ஆக ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி. நன்றாக டைப் அடிப்பவர் ஒரு விசையைத் தட்ட 0.2 வினாடி. ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: "அடுத்து என்ன செய்வது" என்று மனசு யோசிக்க 1.35 வினாடி. அதாவது குறுக்கு விசை எது என்று யோசிக்க வேண்டியிருந்தால் லாபமெல்லாம் அங்கேயே போயிற்று. ஆப்பிளில் இருந்த புரூஸ் டாக்னசினி என்பவர், கடிகாரம் வைத்துப் பார்த்தால் மவுஸ்தான் வேகம், விசைக்காரர்கள் தாங்கள் வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்றே 1989-ல் எழுதினார். அவர் சொன்னதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். மாதம் ஒரு முறை செய்கிற வேலைக்குக் குறுக்கு விசை மனப்பாடம் செய்வது வீண். தினமும் இருநூறு முறை செய்கிற வேலைக்குத்தான் அது. இருநூறு விசைச் சேர்க்கைகளை ஒப்பிக்கிற தம்பிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

வினாடிக் கணக்கு எனக்கு இரண்டாம் பட்சம். மவுஸை ஓட்டும்போது கண் அம்பின் பின்னால் ஓடுகிறது. விசையில் கை இருந்தால் கண் எண்ணின் மேல் இருக்கிறது. ஷீட்டில் தவறு இருந்தால் அதைப் பார்க்கப் போவது கண்தானே.

ஒரு பண்ணை ஷீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு செட்டுக்கு ஒரு ஷீட். முதல் பத்தியில் தேதி, பிறகு கோழியின் வயது, கோழி எண்ணிக்கை, இறந்தவை, முட்டை, உடைந்தவை, ஏழாவதாகத் தீவனம். எட்டாவது பத்தியில் ஒரு சூத்திரம் போட வேண்டும்: முட்டையைக் கோழி எண்ணிக்கையால் வகுத்துச் சதவீதம். ஒரு வருடத்துக்கு 365 வரி. மவுஸ்காரர் என்ன செய்வார்? கட்டத்தின் மூலையில் வரும் கறுப்புக் கூட்டல் குறியைப் பிடித்து இழுப்பார். திரை ஓட ஆரம்பிக்கும், ஐந்நூறாவது வரிக்குப் போய்விடும், மறுபடி மேலே இழுப்பார். சிலர் மூலையில் இரட்டைச் சொடுக்குப் போடுவார்கள். அது கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எங்கே போய் நின்றது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

விசையில் செய்பவர் சூத்திரம் போட்ட கட்டத்திலிருந்து இடது அம்பு ஒரு தட்டு. இப்போது தீவனப் பத்தியில் இருக்கிறார். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கீழ் அம்பு. ஒரே தாவலில் கடைசி வரி. வலது அம்பு ஒரு தட்டு, தன் பத்திக்குத் திரும்பிவிட்டார். கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து மேல் அம்பு. சூத்திரம் இருக்கும் கட்டம் வரை மொத்தமும் தேர்வாகிவிடும். கண்ட்ரோல்-டி. முடிந்தது. சொல்லத்தான் நீளம், கை பழகினால் "கோழி கூவு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆகிவிடும்.

ஆனால் கவனியுங்கள். கண்ட்ரோல்-கீழ் அம்பு தட்டினதும் 366-ஆவது வரிக்குப் போக வேண்டியது, 212-ல் நின்றுவிட்டது என்று வையுங்கள். ஏன் நின்றது? அதற்கு அடுத்த கட்டம் காலி. அன்றைக்குத் தீவனம் எழுதவில்லை. சூப்பர்வைசர் லீவில் போனாரா, தீவன லாரி வரவில்லையா, எழுத மறந்தார்களா? போன் போட்டுக் கேட்க வேண்டிய விஷயம். இரட்டைச் சொடுக்கில் இந்தக் கேள்வி எழ வாய்ப்பே குறைவு. நான் புதிதாக ஒரு ஷீட் கைக்கு வந்தால் முதல் வேலையாக ஒவ்வொரு பத்தியிலும் கண்ட்ரோல்-கீழ் அம்பு தட்டிப் பார்ப்பேன். கோயில் சிலையைத் தட்டிச் சத்தம் கேட்கிற மாதிரி. எங்கே பொள்ளல் இருக்கிறதோ அங்கே அது நிற்கும். பிறகு கண்ட்ரோல்-எண்ட். எக்ஸெல் தன் ஷீட்டின் கடைசி மூலை எது என்று நினைத்துக்கொண்டிருக்கிறதோ அங்கே போகும். நானூறு வரி ஷீட்டில் அது ஒன்பதாயிரத்தில் போய் நின்றால், கீழே யாரோ எதையோ ஒரு காலத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் பண்ணைக் கணக்குதானே என்று நினைக்காதீர்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளைத் தினசரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியலைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிதான் கொள்ளும். 2007-க்குப் பிந்தைய வடிவத்தில் 10,48,576. மிஞ்சினது உள்ளேயே ஏறவில்லை. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிப்போய் எச்சரிப்பதும் அதனால் தாமதமாயிற்று. 65,536 என்பது இரண்டின் 16-ஆம் அடுக்கு என்று இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கடைசி வரிக்குத் தாவி, அந்த எண்ணைக் கண்ணால் பார்த்திருந்தால் உங்களில் பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இன்னொன்று. 2010-ல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள், நாட்டின் கடன் ஓர் அளவைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று கட்டுரை எழுதினார்கள். பல நாடுகளில் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், ஆமாம் தம்பிகளே, மாணவர்தான், அவர்களுடைய ஷீட்டையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 49-ஆவது வரி வரை போக வேண்டியது 44-லேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் வெளியே. அந்தக் கட்டுரைக்கு இருந்த குறை அது மட்டுமல்ல, சராசரி எடுத்த முறையிலும் அவர் குறை கண்டார். ஆனால் வரி விட்டுப்போன குறையைப் பார்க்க ஒரு விசை போதும். சூத்திரக் கட்டத்தில் நின்று எஃப்2 தட்டினால், அது எந்தெந்தக் கட்டங்களைச் சேர்த்திருக்கிறது என்று வண்ணக் கோடு போட்டுக் காட்டும். கோடு எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு எஸ்கேப். தானாகக் கூட்டல் போட ஆல்ட்டும் சமக்குறியும் தட்டினாலும் அது எடுக்கிற எல்லையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டுவேன்.

நம்ம ஊர் ஆபீசுகளில் மாதா மாதம் நெஞ்சை அடைப்பது ஜி.எஸ்.டி. கொள்முதல் பில்லுக்குக் கட்டின வரியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால், 2022 ஜனவரி முதல், அந்தப் பில் விற்றவர் ஏற்றி நம் ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் வந்திருக்க வேண்டும். டேலியிலிருந்து கொள்முதல் பட்டியலை ஒரு ஷீட்டில் இறக்கி, 2பி-யை இன்னொரு ஷீட்டில் வைத்து, விலுக்கப் போட்டு ஒத்துப் பார்க்கிறார்கள். மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது அக்கவுண்ட்ஸ் தங்கைகள் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பதை எத்தனையோ ஆபீசில் பார்க்கலாம். ராசிபுரம் பக்கம் போகிற பஸ்ஸை விட்டால் வீட்டுக்கு யாராவது வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஒரு லாரி ஆபீசில் நடந்தது, பெயர் வேண்டாம். டயர் கடைக்காரர், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இரண்டு பேரும் பில் ஏற்றவே இல்லை என்று பட்டியல் வந்தது. முதலாளி போன் போட்டு, "ஏனுங்க, வரிக் காசை எங்ககிட்ட வாங்கிட்டு பில்லை ஏத்தாம விட்டா என்னங்க அர்த்தம்?" என்று பிடித்துக்கொண்டார். இருபது வருடப் பழக்கம். அவர்களோ ஏற்றிவிட்டதாகச் சத்தியம் செய்கிறார்கள். ஷீட்டை வாங்கிப் பார்த்தால், விலுக்கப்பில் தேடும் எல்லைக்கு டாலர் குறி போடவில்லை. சூத்திரத்தைக் கீழே இழுக்க இழுக்க, தேடும் எல்லையும் ஒவ்வொரு வரியாகக் கீழே வழுக்கிக்கொண்டே போகிறது. பட்டியலின் தலைப்பக்கம் இருந்த பில்கள் ஒவ்வொன்றாக எல்லைக்கு வெளியே போய்விட்டன. அந்த இரண்டு கடையின் பில்லும் தலைப்பக்கத்தில் இருந்தன. அவ்வளவுதான்.

இதற்கு மருந்து எஃப்4. சூத்திரம் எழுதும்போது எல்லையைத் தேர்ந்ததும் எஃப்4 ஒரு தட்டு, டாலர் குறிகள் தானே விழும். இரண்டாம் தட்டில் வரி மட்டும் பூட்டு, மூன்றில் பத்தி மட்டும் பூட்டு, நான்கில் பூட்டே இல்லை. லேப்டாப்பில் எஃப்4 தட்டினால் சத்தம் கூடுகிறது, வெளிச்சம் குறைகிறது என்பார்கள். எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். பல லேப்டாப்பில் எஃப்என்-எஸ்கேப் தட்டினால் அது நிரந்தரமாகவே மாறிவிடும். இந்த ஒரு தொல்லையால் எஃப் விசைகளையே கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.

முழு ஷீட்டும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கக் கண்ட்ரோலோடு, ஒன்றாம் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் அந்தச் சாய்ந்த சின்னக் குறி. எண்களெல்லாம் மறைந்து சூத்திரங்கள் தெரியும். நூறு சூத்திரத்துக்கு நடுவில் யாரோ கையால் அடித்துவைத்த ஒரு மொட்டை எண் இருந்தால் பளிச்சென்று தெரியும். மறுபடி தட்டினால் பழையபடி. முந்தைய ஆள் விட்டுப்போன ஷீட் என்று சொன்னேனே, அதில் மாட்டியிருப்பது பெரும்பாலும் இந்த மொட்டை எண்தான். "ஆடிட்டர் கேட்ட கணக்குக்கு ஒத்து வரலை, அதனால் அடிச்சு வச்சேன்" என்று போய்விட்டிருப்பார்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல்-அரைப்புள்ளி இன்றைய தேதி. அது மறுநாள் மாறாது, பதிவேட்டுக்கு ஏற்றது. கண்ட்ரோல்-பேஜ் டவுன் அடுத்த ஷீட். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எல் வடிகட்டி. மதிப்பை மட்டும் ஒட்டப் புதிய எக்ஸெலில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வி. பழையதில் ஆல்ட், இ, எஸ், வி என்று ஒன்றன்பின் ஒன்றாக. அந்த மெனு 2007-லேயே போய்விட்டது, ஆனால் விசை வரிசையை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். பழகின விரலை யாரும் பகைத்துக்கொள்ள விரும்புவதில்லை. சிலர் வரிகளைக் கையால் மறைத்துவைத்திருப்பார்கள். அதை நகலெடுக்கும் முன் ஆல்ட்-அரைப்புள்ளி தட்டுங்கள், தெரிகிற வரி மட்டும் வரும். இல்லாவிட்டால் மறைத்துவைத்த சம்பளக் கணக்கும் சேர்ந்து வாடிக்கையாளருக்குப் போகும்.

எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிக்கொள்ள வேண்டாம் தங்கைகளே, பேனாவை வையுங்கள். உங்கள் வேலையில் மவுஸ் எதற்காக அடிக்கடி நகர்கிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். அந்த ஒரு வேலைக்கு விசை என்ன என்று தேடி, அதை மட்டும் ஒரு வாரம் விரலில் ஏற்றுங்கள். தெரியாவிட்டால் ஆல்ட் விசையைத் தட்டினால் போதும், ஒவ்வொரு பொத்தானுக்கும் எழுத்து காட்டும்.

நேற்று விடுதியில் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, இனிமேல் ஏ.ஐ.யிடம் சொன்னால் சூத்திரத்தை அதுவே போட்டுக் கொடுத்திடுமே, இதெல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்வி. நானும் சூத்திரம் எழுதச் சொல்லி அதைக் கேட்கிறேன், நன்றாகவே எழுதுகிறது. ஆனால் அது கொடுத்த சூத்திரம் 44-ஆவது வரியில் நிற்கிறதா 49-ல் நிற்கிறதா என்று நான்தானே பார்த்தாக வேண்டும்? கையெழுத்து என்னுடையது. எஃப்2 தட்டத் தெரியாதவன் அதை மேலாளர் கண்டுபிடிக்கும் வரை பார்க்கப் போவதில்லை. நிரப்புகிற விசைகளின் தேவை வருங்காலத்தில் குறையலாம். சரிபார்க்கிற விசைகளின் தேவை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

துறைத் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு கம்ப்யூட்டர் லேபில் ஒரே ஒரு மணி நேரம், மவுஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு எக்ஸெல் வகுப்பு நடத்த முடியுமா என்று பாருங்கள். செலவில்லாத காரியம். வகுப்பெடுக்க ஊர்ப் பக்கம் வரும்போதெல்லாம் நான் வரத் தயார். என்னைவிடத் திறமையாக எடுக்க, டைப்பிங் ஹையர் முடித்து டேலி பார்க்கிற தங்கைகள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை அழைத்தால் இன்னும் நல்லது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேபில் அந்தப் பண்ணை ஷீட்டைத் திறந்துவைக்கிறேன். தீவனப் பத்தியில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே காலி விட்டிருக்கிறேன். வந்து கண்டுபிடியுங்கள்.